மோமோவுக்குப் பக்கத்தில் ஒரு கொழுக்கட்டை

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மாலையில் மூன்று நான்கு கடை ஏறி இறங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு வாங்கிப் பங்கிட்டு, மோமோ நல்லதா கியோசா நல்லதா என்று தர்க்கம் பண்ணுவது கொழும்பு இளசுகளுக்குப் பழகிப்போன பொழுதுபோக்கு. திருகோணமலைக்கும் அது வராமல் போகாது. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் வெளிநாட்டுக்காரரை நம்பி நடக்கும் உணவகங்கள் எந்த நாட்டுச் சாப்பாட்டையும் மெனு அட்டையில் ஏற்றத் தயங்குவதில்லை. துறைமுகத்தடிச் சாப்பாட்டுக் கடைகளோ ப்ரைட் ரைஸ், கொத்து, டெவல் என்று சீனத்தையும் உள்ளூரையும் எப்போதோ ஒன்றாகக் கிண்டிவிட்டன. இந்த மாதிரி ருசிபார்ப்புப் பட்டியல்களில் சீனம், திபெத், ஜப்பான், கொரியா எல்லாம் இருக்கும், கொழுக்கட்டை இருக்காது. அது பிள்ளையாருக்குரியது, வீட்டுக் குசினிக்குரியது, டம்ப்ளிங் என்பது வேறு சாமான் என்று ஓர் எண்ணம். அந்த எண்ணம் பிழை. ஆசியாவின் டம்ப்ளிங் வகைகளைத் திருகோணமலையில் உட்கார்ந்து ருசி பார்க்க நினைக்கிறவர் முதல் தட்டில் வைக்க வேண்டியது கொழுக்கட்டையைத்தான். ஊர்ப்பற்றுக்காக இதைச் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டால் மற்றவற்றில் பாதியை விளங்கிக்கொள்ளவே முடியாது.

ருசி பார்க்கிறவர்கள் பெரும்பாலும் உள்ளீட்டைப் பற்றியே பேசுவார்கள்: பன்றியா, கோழியா, இறாலா, கோவாவா. உள்ளீடு வீட்டுக்கு வீடு மாறும். அதை வைத்து இனம் பிரிக்க முடியாது. இனம் பிரிப்பது தோல். கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதங்கள் பின்னிக்கொண்டு குளுட்டன் என்ற இழுபடும் வலை உண்டாகிறது. சீன ஜியாவோசியின் தோலைக் கடதாசிபோல உருட்டவும், மடிப்பு மடிப்பாக இழுத்து மூடவும், பச்சையாகவே உறையவைத்து வேண்டியபோது எடுத்து அவிக்கவும் முடிவது அந்த வலையால்தான். அரிசி மாவில் அது கிடையாது. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உதிர்ந்துபோகும். கொதிநீர் விட்டால்தான் மாச்சத்து வீங்கி, பசையாகி, ஒன்றையொன்று பிடிக்கும். வட சீனம், திபெத்து, கொரியாவின் மந்து, மத்திய ஆசியாவின் மந்தி, அதற்கும் அப்பால் துருக்கி வரை கோதுமைத் தோல். மகாராட்டிரத்து மோதகம், நம்முடைய கொழுக்கட்டை, யாவாவின் கிளெப்போன் எல்லாம் அரிசித் தோல். சிஞ்சியாங்கில் துர்பான் நகருக்கு அருகே உள்ள அஸ்தானா கல்லறைகளில் தாங் அரச காலத்து ஜியாவோசிகள் காய்ந்து வறண்டு, பிறை வடிவம் குலையாமல் கிடைத்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்த வடிவம் மாறவில்லை. அரிசித் தோலில் பிடித்தது எதுவும் அப்படித் தப்பிப்பிழைத்து நம் கையில் கிடைத்ததாகத் தெரியவில்லை. நம் ஊர் ஈரத்தில் கிடைக்கவும் மாட்டாது. பழமைப் போட்டியில் கோதுமை முந்தியதுபோலத் தோன்றுவதற்குப் பாலைவனக் காற்றும் ஒரு காரணம்.

செய்முறையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்தால் இந்த வேறுபாடு கையிலேயே தெரியும். பச்சரிசியை ஊறவைத்து இடித்து அரித்து, நிறம் மாறாமல் வறுத்த மா. அதில் உப்புப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுவார்கள். தண்ணீர் கொதி தணிந்திருந்தால் தோல் வெடிக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு குழைத்தாலும் பிரயோசனமில்லை. சூடு பொறுக்கும் அளவுக்கு வந்ததும் குழைத்து, தேசிக்காய் அளவு உருட்டி, உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே பெருவிரலால் குழித்துச் சின்னக் கிண்ணமாக்க வேண்டும். உருளையால் உருட்ட முடியாது, இழுக்கவும் முடியாது, அழுத்தத்தான் முடியும். வறுத்து அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலக்காய் சேர்ந்த உள்ளீட்டை வைத்து மடித்து, விளிம்பைப் பல்லுப் பல்லாகக் கிள்ளி மூடினால் கொழுக்கட்டை. கூராகக் கூட்டி முடித்தால் மோதகம். கோதுமைத் தோலில் மடிப்பு அழகுக்கும் ஆகும். அரிசித் தோலில் அந்தப் பல் வரிசை முழுக்க வேலைக்கானது: இழுபடாத இரண்டு விளிம்புகளையும் இறுக ஒட்டவைக்க வேறு வழியில்லை.

திருகோணமலையைச் சாட்சிக்கு அழைப்பதற்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஆனால் நாடு முழுக்கத் தின்னும் கோதுமை மாவில் பெரும் பங்கு அரைபடுவது இந்தத் துறைமுகத்தின் கரையில், சீனக்குடாவில். சிங்கப்பூரைச் சேர்ந்த பிறீமா நிறுவனம் 1977 இல் அரசுடன் ஒப்பந்தம் செய்து, 1980 இல் ஆலையை இயக்கத் தொடங்கியது. அதற்கு முன்பே உதவியாகவும் கடனாகவும் வந்த கோதுமை மா ‘அமெரிக்கன் மா’ என்ற பெயரோடு கிராமத்துக் குசினி வரை போய்விட்டது. அந்த மாவை நம் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பாணும் ரொட்டியும் ஒரு பக்கம் இருக்கட்டும். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் என்று வரும்போது, மாவைத் துணியில் பொதிந்து நீராவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்து வைத்துக்கொண்டார்கள். அவித்த கோதுமை மாவில் அந்தப் புரதங்கள் வெந்துபோவதால் குளுட்டன் வலை உருவாகாது. வடக்கத்தித் தானியத்தை வாங்கி, அதன் குணத்தைக் கொன்று, அரிசி மாபோல நடக்கப் பழக்கிவிட்டார்கள். இதே வேலையைத் தென் சீனாவின் குவாங்டொங் சமையல்காரரும் வேறு வழியில் செய்தார்கள். ஹாங்காங் தேநீர்ச்சாலைகளின் பெருமையான ஹார்காவ், கண்ணாடித் தோலுக்குள் இறால் சிவந்து தெரிகிறதே, அதன் தோல் கோதுமைதான். ஆனால் குளுட்டனைக் கழுவி வெளியேற்றிய வெறும் மாச்சத்து. அதிலும் கொதிநீரைத்தான் ஊற்றிக் கிளறுகிறார்கள். ஆகவே சீனத்துக்குள்ளேயே ஹார்காவ் தன் நாட்டு ஜியாவோசிக்குத் தூரத்து உறவு, நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கடித்துப் பார்க்கிறவருக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும். கொழுக்கட்டையைப் பட்டியலில் சேர்க்காதவருக்குக் கடைசிவரை புரியாது.

கொழுக்கட்டை இனிப்பு, டம்ப்ளிங் என்றால் உப்பும் உறைப்பும் இறைச்சியும் என்பது முதலாவது ஆட்சேபம். இனிப்பு உள்ளீடு ஒன்றும் தகுதிக் குறைவில்லை. எள்ளும் சீனியும் வைத்த சீனத் தாங்யுவானையும், பனைவெல்லம் உருகி வழியும் கிளெப்போனையும் யாரும் பட்டியலிலிருந்து தள்ளுவதில்லை. அரிசித் தோலுக்கு இறைச்சி ஒத்துவராது என்பதும் உண்மையில்லை. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் கீழக்கரை முஸ்லிம் வீடுகளின் தக்கடி, ஆட்டுக்கறிக்குள் வெந்த அரிசிமா உருண்டை. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்கள் ‘பிடி’ என்ற அரிசிமா உருண்டையைக் கோழிக் குழம்போடு தின்கிறார்கள். தமிழ்நாட்டில் உளுந்துக் காரக் கொழுக்கட்டைக்குச் சதுர்த்தியன்றே இடம் உண்டு. திருகோணமலையில் இதற்குப் புதிதாகக் கறி கண்டுபிடிக்க வேண்டியதுமில்லை. பறங்கியர் வழியாக நமக்கு வந்த பற்றீஸுக்குள் மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் சேர்ந்த பிரட்டல் ஒன்று போகிறதே, அதுவே போதும். கொட்டியாரக் குடாவின் இறாலைத் தேங்காய்ப்பூவோடு சுண்டவைத்து உள்ளே வைத்தால் ஹார்காவுக்கு நேர் நின்று பதில் சொல்லும்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் மரியாதைக்குரியது. கொழுக்கட்டை விரதத்துக்கும் சடங்குக்கும் உரியது, குழந்தைக்குப் பல்லு முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை, ஆடிப்பிறப்புக்குக் கூழோடு கொழுக்கட்டை, அதைக் கடையில் விலை போட்டு விற்பது அதன் இடத்தைக் கெடுக்கும் என்பார்கள். ஆனால் மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் காட்டும் மதுரை இரவில், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தைக் கடைக்காரர்கள் விற்பனைக்கு வைத்துக்கொண்டு தூங்கி விழுகிறார்கள். தமிழில் மோதகம் தலைகாட்டும் மிகப் பழைய இடங்களில் ஒன்று அது. அங்கே அது வியாபாரச் சரக்கு. சடங்கில் இருப்பதும் சந்தையில் இருப்பதும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. சிங்களவரின் லவரியாவும் இதற்குச் சான்று. இடியப்பத்துக்குள் தேங்காய்ப்பாணியை மடித்து அவித்த அந்தப் பண்டம் தேத்தண்ணிக் கடை வரை வந்துவிட்டது; வீட்டில் அதன் மதிப்பு குறைந்துபோனதாக யாரும் சொல்வதில்லை. மற்ற நாட்டுப் பேர்போன வகைகளும் தொன்மையால் உணவகம் ஏறியவையல்ல. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டபோது, ஜப்பானில் கியோசா எல்லோரும் அறிந்த சாப்பாடாக இருக்கவில்லை; மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள்தான் போருக்குப் பிறகு அதைப் பரப்பினார்கள். இந்தியத் தெருக்களை மோமோ பிடித்ததும் 1959 க்குப் பிறகு வந்த திபெத்திய அகதிகளால். யாரோ ஒருவர் அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

துறைமுகம் என்றதும் எல்லாம் கப்பலில் வந்தது என்று கதை கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலியில் கிடைத்த 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பேரால் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அடுத்தடுத்து வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தத் தீவுக்கும் சீனத்துக்கும் தொடர்பு பழையது, உண்மை. அதற்காகக் கொழுக்கட்டையைச் செங் ஹேயின் கப்பலில் ஏற்ற முடியாது. மதுரைக்காஞ்சி அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்தியது. மறுபுறம், நாம் சைனீஸ் றோல்ஸ் என்று பெயர் சூட்டி, மீன் பிரட்டலை உள்ளே வைத்து, றஸ்க் தூளில் புரட்டிப் பொரிக்கும் பண்டத்தைச் சீனாவில் காட்டினால் யாரும் உரிமை கோர வரமாட்டார்கள்.

உண்மையிலேயே பலமான ஆட்சேபம் மூன்றாவது: கொழுக்கட்டை ஆறினால் கல்லாகிவிடும். இதை மறுக்க முடியாது. வீங்கிப் பசையான மாச்சத்து ஆறும்போது நீரை விட்டு மீண்டும் இறுகுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் சூட்டளவில் இந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். சைவக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மத்தியானம் தொட்டுக் கிடந்த கொழுக்கட்டையைப் பின்னேரம் பிளேன்ரீயோடு கடித்தவர் அந்தப் பண்டத்தையே வெறுத்தால் அவரில் பிழையில்லை. ஆனால் இது பண்டத்தின் குறையா, வைத்து விற்கும் முறையின் குறையா? ஹார்காவையும் ஆறவைத்தால் தோல் தடித்துப் பிளக்கும். அதனால்தான் ஹாங்காங்கில் அதை மூங்கில் தட்டோடு, ஆவி அடங்குமுன் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். கண்ணாடிப் பெட்டி பற்றீஸுக்கும் றோல்ஸுக்கும் செய்த இடம். பொரித்த சாமான் அங்கே தாக்குப்பிடிக்கும், அவித்தது பிடிக்காது. பிடித்து மூடிய கொழுக்கட்டையை ஈரத்துணியால் மூடி வைத்து, கேட்ட பிறகு ஆவியில் ஏற்றினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மேசைக்கு வரும். கொத்து ரொட்டிக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கிற ஊர் இது. கோதுமைத் தோல்போல மொத்தமாகச் செய்து உறையவைத்து மாதக்கணக்கில் விற்பது அவ்வளவு சுலபமில்லை என்பது மட்டும் நிற்கும். அந்த வியாபாரம் வேண்டுமென்றால் மோமோதான் செய்ய வேண்டும்.

விலைக்கணக்கும் இருக்கிறது. ஒவ்வொன்றும் கையால் குழித்து, கையால் கிள்ள வேண்டிய பண்டம். வீட்டில் அந்தக் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் கடையில் ஒரு கொழுக்கட்டைக்கு வடையின் விலைக்கு மேல் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. அதே ஆள் ஆறு மோமோவுக்கு முழுச் சாப்பாட்டின் விலையை முகம் சுளிக்காமல் கொடுப்பார். இதில் மூலப்பொருள் கணக்கு கொழுக்கட்டையின் பக்கம். 2022 இல் டொலர் இல்லாமல் கோதுமை மா விலை ஏறியபோது பேக்கரிகள் தடுமாறின. கந்தளாய்ப் பக்கத்து வயல் நெல்லை டொலர் கொடுத்து இறக்க வேண்டியதில்லை. வாங்குகிற ஆட்களும் சரியான நேரத்தில் வருகிறார்கள். தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையை நனைக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் திருகோணமலைக்குச் சுற்றுலாக் காலம். ஆடிப்பிறப்பு ஜூலை நடுவில், அந்தக் காலத்தின் உச்சத்தில் விழுகிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த அந்த நாளில் நகரத்து வீடுகளில் கொழுக்கட்டை அவிகிறது. நாலு மைல் வடக்கே விடுதிகளில் ஆசியச் சாப்பாடு தேடி வந்தவர்கள் நிறைந்திருக்கிறார்கள். மெனு அட்டையில் ஒரு வரி சேர்க்க விரும்பும் உணவகக்காரர் வருடம் முழுக்க வேண்டாம், அந்த ஒரு கிழமை மட்டும் ஆறு கொழுக்கட்டையை ஒரு தட்டாக, மூன்று பயறு, மூன்று இறால், கட்டச்சம்பலோடு ஆவி பறக்கக் கொடுத்துப் பார்க்கலாம். மோமோ தட்டுக்குப் போடும் விலையையே போடட்டும்.