சாப்பாட்டு ரசீதும் உணவுப்படியும்

மஸ்ஜித் இந்தியா சாலையில் மதிய நேரத்தில் எந்தப் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தாலும், அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிய நாலு பேரைப் பார்க்கலாம். கூட்டம், பயிற்சி என்று வெளியூரிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. சாப்பிட்டு எழுந்ததும் சிலர் கல்லாவில் ரசீது கேட்பார்கள். கடைக்காரர் துண்டுத் தாளில் ஒரு தொகையைக் கிறுக்கித் தருவார். கடை பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. இதைக் காட்டி எப்படிப் பணம் கேட்பது என்பது அவர்கள் கவலை.

அரசாங்க ஊழியருக்கு அந்தக் கவலையே தேவையில்லை. 'எலாவுன் மக்கான்' எனப்படும் உணவுப்படி, பதவிப் படிநிலைப்படி ஒரு நாளுக்கு இவ்வளவு என்று நிதியமைச்சு நிர்ணயித்த தொகை. நாசி லெமாக் சாப்பிட்டாலும் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டாலும் தொகை ஒன்றுதான். தங்கும் விடுதிக் கட்டணத்துக்குத்தான் ரசீது கட்டாயம்.

அப்படியானால் எதற்கு ஆதாரம் வேண்டும்? பயணத்துக்கு. பணி இடம் அலுவலகத்திலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து மஸ்ஜித் இந்தியாவுக்கு வந்து போகிறவர் கேட்க வழியில்லை. 24 மணி நேரம் நீடித்தால் முழுப் படி. 8 மணி நேரத்துக்குக் குறையாமல் சென்று அன்றே திரும்பினால், அதில் பாதி, தினப்படியாகக் கிடைக்கும். ஆகவே புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும் சரியாக இருக்க வேண்டும். அதிகாரியின் உத்தரவுக் கடிதமும் நிகழ்ச்சி நிரலும் கையில் இருக்க வேண்டும்.

நிகழ்ச்சி நிரல் எதற்கு என்கிறீர்களா? சிக்கலே அங்குதான். ஏற்பாட்டாளர் உணவு கொடுத்திருந்தால் அந்த வேளைக்கான பங்கைக் கழித்துவிட வேண்டும். காலைக்கு 20 விழுக்காடு, மதியத்துக்கு 40, இரவுக்கு 40. படி 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் மதிய உணவு தந்திருந்தால் 16 ரிங்கிட் போக 24 ரிங்கிட்தான் கேட்கலாம்.

"பதினாறு வெள்ளிதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று நினைப்பவர்கள் உண்டு. ஏமாற்றும் நோக்கத்தோடு பொய்யான விவரம் கொண்ட பாரத்தைக் கொடுப்பது, 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் குற்றம். 20 ஆண்டு வரை சிறை. அபராதம், பொய்த் தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், எது அதிகமோ அது. பதினாறின் ஐந்து மடங்கு வெறும் 80. எனவே 10,000 ரிங்கிட்டில்தான் கணக்கே தொடங்கும். மறதியும் மோசடியும் ஒன்றல்ல. ஆனால் நோக்கத்தை விளக்க வேண்டிய நிலைமை வராதிருப்பதே நல்லது.

தனியார் நிறுவனங்களில் கதை வேறு. அங்கே ரசீது கேட்பார்கள். வரிக் கணக்குக்காக நிறுவனம் அதை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவர்கள் கல்லாவில் இன்னும் ஒரு நிமிடம் நின்று, கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அரசாங்க ஊழியர் பாரத்தை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் அனுப்பிவிட வேண்டும்.