ரோசாவுக்கு முந்திய ஹக்கல

ஹக்கல தாவரவியற் பூங்காவுக்குப் போய்வந்த எவருடைய கைத்தொலைபேசியைத் திறந்தாலும் முதலில் வருவது ரோசாப்பூப் படங்கள்தான். சென்ற தவணையில் எமது உயர்தர உயிரியல் பிரிவு மாணவிகள் கல்விச் சுற்றுலா சென்றபோதும் அப்படியே நடந்தது. எமக்குக் கிடைத்த இரண்டு மணித்தியாலத்தில் பாதி, ரோசாப் பாத்திகளுக்கு அருகிலேயே முடிந்துவிட்டது. ரோசாவில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஹக்கல ரோசாவுக்காக உண்டாக்கப்பட்ட இடம் அல்ல. ஒரு காய்ச்சலுக்கு மருந்து வேண்டும் என்பதற்காகவே அந்த மலைச்சரிவில் முதன்முதலாகக் கன்றுகள் நடப்பட்டன. அந்தக் காய்ச்சல் எங்கள் குடும்பத்துக்குள்ளும் வந்துபோன ஒன்று.

பூங்கா நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரத்தில், சீதாஎலியவைத் தாண்டியதும் வருகின்றது. பின்னால் சுவர்போல நிற்பது ஹக்கல மலை. சிங்களத்தில் ‘ஹக்க’ என்றால் தாடை, ‘கல’ என்றால் பாறை. அனுமன் தன் தாடையில் கவ்விவந்த மலைத்துண்டு இது என்று இராமாயணத்தோடு சேர்த்து ஒரு கதை சொல்கின்றார்கள்.

பூங்கா ஏறத்தாழ 1,700 மீற்றர் குத்துயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியசு குறையும் என்று படித்திருக்கின்றோம். அப்படியானால் கொழும்பை விட இங்கே பதினொரு பாகை அளவு குறைவாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. பஸ்ஸின் கதவு திறந்ததும் தெரிந்துவிடும். ஆனால் இது ஐரோப்பாவின் குளிர் அல்ல. நாம் மத்திய கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில் இருப்பதால், வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. இங்கிலாந்திலே ஓக் மரத்துக்கு இலையுதிர்க்கும் காலத்தை அறிவிப்பது சுருங்கிவரும் பகல்தான். ஹக்கலயில் நிற்கும் ஓக் மரத்துக்கு அப்படியொரு செய்தி கிடைப்பதே இல்லை. குளிர் உண்டு, ஈரலிப்பு உண்டு, மாரிகாலம் என்று ஒன்று இல்லை. வெப்பவலயத்து மலைக்கு மட்டும் கிடைக்கும் காலநிலை இது. உலகத்தில் இதே காலநிலை உள்ள இன்னோர் இடம், தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சரிவு.

சிங்கோனா மரம் அந்தச் சரிவுகளுக்கு உரியது. அதன் பட்டையை இடித்துக் குடித்தால் நடுக்கக் காய்ச்சல் இறங்கும் என்பது ஐரோப்பியருக்குப் பதினேழாம் நூற்றாண்டிலேயே தெரியவந்தது. 1820இல் பெல்லத்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சு மருந்தியலாளர்கள் அந்தப் பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியா ஒட்டுண்ணி எமது செங்குழியங்களுக்குள் இருந்துகொண்டு ஈமோகுளோபினை உண்கின்றது. அப்போது மிஞ்சும் ஈம் என்ற பகுதி ஒட்டுண்ணிக்கே நஞ்சு. அதனால் அது அதைப் பளிங்காக்கி ஒதுக்கிவிடுகின்றது. கொய்னா இந்த ஒதுக்கும் வேலையைக் குழப்ப, ஒட்டுண்ணி தன் சாப்பாட்டின் கழிவாலேயே மடிகின்றது. பரீட்சைக்காகப் படித்த பாடங்களில் எனக்கு இது போல வியப்புத் தந்தவை அதிகம் இல்லை.

இந்தியாவிலும் இலங்கையிலும் தம் படைவீரர்களும் தோட்டக்காரர்களும் மலேரியாவால் விழுவதைக் கண்ட பிரித்தானியர், 1860இல் கிளெமென்ட்சு மார்க்கம் என்பவரின் தலைமையில் தென்னமெரிக்காவுக்கு ஆள் அனுப்பிச் சிங்கோனா விதைகளையும் கன்றுகளையும் எடுப்பித்தார்கள். இலங்கைக்கு வந்த பங்கை அப்போது பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த துவைற்சு ஏற்றார். பேராதனை சிங்கோனாவுக்குச் சூடு. ஆகவே 1861இல் அவர் ஹக்கலயைத் தெரிவுசெய்தார். மருந்து மரம் வளர்க்கப்பட்ட அந்த உயரத்துக்கு மலேரியா ஏறி வருவதில்லை என்பது ஒரு வேடிக்கை.

முதலில் தோட்டக்காரர்கள் இந்தக் கன்றுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கோப்பி இருந்தது. 1869இல் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரியத் தொடங்கியது. துரு நோய். அது என்ன பங்கசு என்று அறிய அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பியவரும் இதே துவைற்சுதான். சில வருடங்களில் கோப்பி அழியத் தொடங்க, எல்லோரும் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். லூல்கந்துரவில் 1867இல் தேயிலையை நட்ட ஜேம்சு ரெயிலரும் சிங்கோனா வளர்த்தவர்தான். எண்பதுகளில் மலைநாடெங்கும் பட்டை உரிக்கப்பட்டு லண்டனுக்குப் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் என்ன நடக்கும்? விலை தரைமட்டத்துக்கு வந்தது.

அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பொலிவியாவில் மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர், எந்த மரத்தின் பட்டையில் சத்து அதிகம் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர். அவர் சேகரித்த விதைகளை சார்ல்சு லெட்ஜர் என்ற வணிகர் 1865இல் லண்டனுக்கு அனுப்பினார். பிரித்தானிய அரசு அவற்றை வாங்கவில்லை. ஒல்லாந்தர் கொஞ்சம் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். அந்த மரங்களின் பட்டையில் இலங்கை மரங்களில் இருந்ததைப் போலப் பல மடங்கு கொய்னா இருந்தது. விதை கொடுத்த மமானியோ சொந்த நாட்டில் சிறையிலடைக்கப்பட்டு, அங்கே பட்ட அடியால் இறந்தார். கொய்னாவைப் பற்றி எழுதுபவர்கள் அவருடைய பெயரையும் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

இலங்கைத் தோட்டங்களில் சிங்கோனா பிடுங்கப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. ஹக்கலயும் 1884 தொடக்கம் குளிர்நாட்டு மரங்களும் பூக்களும் வளர்க்கும் பூங்காவாக மாறியது. நாம் படமெடுக்கும் ரோசாவின் கதை அங்கேதான் தொடங்குகின்றது.

ஐம்பது வருடங்கள் கழிந்தன. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. எங்கள் மாவனல்லையினூடாக ஓடும் மா ஓயா வற்றி, மணலுக்கும் பாறைக்கும் இடையே சிறு குட்டைகளாகத் தேங்கியது. ஓடும் ஆற்றில் நிலைக்க முடியாத அனோபிலிசு நுளம்பின் குடம்பிகளுக்கு அந்தத் தெளிந்த குட்டைகள் தொட்டிலாயின. அந்த வருடக் கடைசியிலிருந்து சில மாதங்களுக்குள் இலங்கையில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் மாவட்டங்களே அதிகம் அடிபட்டன. வறட்சியால் சனம் ஏற்கெனவே பட்டினியில் கிடந்தது.

என் உம்மம்மாவின் உம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவருடைய தம்பிகள் இருவரும் அந்த வருட நோன்பு மாதத்திலேயே, பத்து நாள் இடைவெளியில் மௌத்தானார்கள். பெருநாளைக்கு வீட்டில் அடுப்பு மூட்டவில்லையாம். ஹக்கலயிலிருந்து திரும்பிய அன்று இரவு உம்மம்மாவிடம் கொய்னாவைப் பற்றிக் கேட்டேன். “அது கசப்பு மகள், மூணு நாளைக்கும் நாக்குல கெடக்குமாம். ஆனா வரிசையில நின்டாலும் எல்லாருக்கும் கெடைக்கலண்டு உம்மா செல்லுவாங்க” என்றார். அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் இருந்த கொய்னாவின் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்தில் இருந்த மலையில், அதே மரத்தின் வேர்கள் பிடுங்கப்பட்ட இடத்தில் தேயிலை நின்றது. இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. வயிற்றில் சோறில்லாத உடம்புக்கு மருந்து மட்டும் போதாது. அல்லாஹ் விதித்தது என்று உம்மம்மா அதோடு பேச்சை முடித்துவிடுவார். ஆனாலும் விலை இறங்கியது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மருந்தையே கைவிடலாமா என்ற கேள்வி எனக்குள் இருக்கின்றது.

2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நுளம்பைக் கட்டுப்படுத்தியதும், நோயாளியை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் சிகிச்சை அளித்ததும் அதைச் சாத்தியமாக்கின.

அடுத்த முறை ஹக்கலக்குப் போகும் தங்கைகளுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். ரோசாவைப் பாருங்கள், ஆனால் மரப்பன்னங்களுக்கும் நேரம் வையுங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் கீறிப் பழகிய பன்னம், அங்கே எமது தலைக்கு மேலே குடை விரித்து நிற்கும். கீழே நின்று ஓலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் வித்திக்கலன் கூட்டங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். சுருண்ட இளம் ஓலையைத் தொட ஆசை வரும், தொட வேண்டாம். காட்டோரத்தில் கனத்த உரோமம் உள்ள மந்திகள் வரும். பதப்படுத்திய சாப்பாட்டை அவற்றுக்கு நீட்டாதீர்கள். மழைக்காலம் தவிர்த்து, ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை போவது நல்லது. ஸ்வெட்டர் கட்டாயம். காலையிலேயே மேல்படிகளுக்கு ஏறிவிடுங்கள். லுஹர் நேரத்துக்கு முன்பே பனிமூட்டம் இறங்கிவிட்டால், கீழே விரியும் ஊவாப் பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரியாது.