ரூபாய்க்கு ஆறு பைசா
கணினி நினைவகச் சாதனங்கள் செய்யும் சென்னை நிறுவனத்தின் லாபக் கணக்கில் பங்குச் சந்தை தலையைப் பிய்த்துக்கொண்டது. விடையின் ஒரு பகுதி சத்தியவேடு பக்கம் இருக்கிறது.

ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் சத்தியவேடு. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றத்தில் ஆந்திரத்துக்குப் போனது. பலகையில் தெலுங்கு, திண்ணையில் தமிழ். 2008இல் பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் எழுந்தது. 2015 முதல் அங்கே ஃபாக்ஸ்கான் செல்போன்களைப் பூட்டித் தர ஆரம்பித்தது. பிறர் பெயரில் விற்கும் பொருளைச் செய்து கொடுப்பதில் உலகிலேயே பெரிய நிறுவனமான அது, உலக அளவில் நூறு ரூபாய் விற்றால் மிச்சம் பிடிப்பது சுமார் 3 ரூபாய்தான்.

இதே தொழிலில்தான் தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் வளர்ந்த சிர்மா எஸ்.ஜி.எஸ். நிறுவனமும் இருக்கிறது. மெமரி மாட்யூல்கள், பென் டிரைவ்கள், எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பு டிரைவ்கள் ஆகியவற்றோடு வாகனங்களுக்கும் ஆலைகளுக்குமான மின்னணு போர்டுகளையும் செய்கிறது. 2022 ஆகஸ்டில் பங்கு ஒன்று 220 ரூபாய் என்று 840 கோடி திரட்டியது. கேட்டவர்கள் ஏராளம், கிடைத்தவர்கள் கொஞ்சம்.

சர்ச்சை 2024இல் வெடித்தது. அந்த மார்ச்சில் முடிந்த ஆண்டில் விற்பனை 2,048 கோடியிலிருந்து 3,154 கோடிக்கு எகிறியது. நிகர லாபமோ 124 கோடி அளவில், முந்தின ஆண்டு நின்ற இடத்திலேயே நின்றது. இதர வருமானத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இயக்க லாபம் ரூபாய்க்கு ஒன்பது பைசாவிலிருந்து ஆறு பைசாவாகச் சரிந்தது. ஆயிரத்து நூறு கோடிக்கு மேல் கூடுதலாக விற்று என்ன மிஞ்சியது என்று முதலீட்டாளர்கள் கேட்டதில் தப்பில்லை.

குற்றவாளி, நுகர்பொருள் ஆர்டர்கள். அளவு பெரிது, லாபம் சொற்பம். வாங்குபவர் ஒரு சில பெரிய கம்பெனிகள். அவர்கள் சொல்வதுதான் விலை. பென் டிரைவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விலையில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப்புக்குப் போகிறது. சிப்பை விற்பவர்கள் சாம்சங், மைக்ரான் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். சிப் விலை ஏறினாலும் இறங்கினாலும் நடுவில் நசுங்குபவர் டிரைவ் செய்பவர்.

நிறுவனத்தின் பக்கம் நின்றவர்களிடமும் வலுவான வாதம் இருந்தது. ஒரு போர்டுக்கு 90 ரூபாய்க்குப் பாகங்கள், 10 ரூபாய்க்கு வேலை, அதில் 3 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். பாகங்களை வாடிக்கையாளரே கொடுத்தால் பில் 10 ரூபாய், லாபம் 30 சதவீதம். நிறுவனமே வாங்கிப் போட்டால் பில் 100 ரூபாய், லாபம் 3 சதவீதம். வேலையும் அதே, லாபமும் அதே 3 ரூபாய். சதவீதம்தான் ஆளை மிரட்டுகிறது. வாதம் சரிதான். ஆனால் இரண்டாவது கணக்கில் அந்த 90 ரூபாய் நிறுவனத்தின் பணம். பில் வசூலாகும்வரை அதற்கு வட்டி ஓடுகிறது. எனவே விற்பனைக்கு எத்தனை சதவீதம் என்பதைவிட, போட்ட மூலதனத்துக்கு எத்தனை சதவீதம் என்பதே உருப்படியான கேள்வி. அன்றைய கூச்சலில் அதைக் கேட்டவர்கள் குறைவு.

சிர்மாவை நடத்தும் டாண்டன் குடும்பத்துக்கு இந்த நெருக்கடி புதிதல்ல. ஜுகி டாண்டன் 1975இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டாண்டன் கார்ப்பரேஷன்தான், 1981இல் வந்த முதல் ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டருக்கு ஃபிளாப்பி டிரைவ் கொடுத்தது. ஒரே பெரிய வாடிக்கையாளர், ஏறுமுகமான விற்பனை, பங்குக்கு ஏக கிராக்கி. பிறகு டிரைவ்களின் விலை சரிந்தது, ஐ.பி.எம். ஆர்டரைக் குறைத்தது, 1980களின் நடுவில் பெருநஷ்டம். 1988இல் டிஸ்க் டிரைவ் பிரிவு வெஸ்டர்ன் டிஜிட்டல் கைக்குப் போனது. அந்தக் கம்பெனி ஹார்டு டிஸ்க் தொழிலில் காலூன்றியது இப்படித்தான்.

சிர்மா சுதாரித்துக்கொண்டது. நுகர்பொருள் ஆர்டர்களைப் பொறுக்கி எடுத்தது. வாகன, தொழிற்சாலை ஆர்டர்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் விற்பனை ஐந்தில் ஒரு பங்கே கூடியது. நிகர லாபம் சுமார் 184 கோடிக்குத் தாவியது, இயக்க லாபம் ரூபாய்க்கு எட்டு பைசாவைத் தாண்டியது.

அடுத்த பந்தயம் பெரியது. பாகங்களைப் பொருத்துவதற்கான வெற்று சர்க்யூட் போர்டுகளை இந்தியா பெருமளவு இறக்குமதி செய்துவந்தது. அவற்றை இங்கேயே செய்ய, சத்தியவேடு இருக்கும் அதே திருப்பதி மாவட்டத்தின் நாயுடுபேட்டையில் சுமார் 1,600 கோடி ரூபாய் ஆலைத் திட்டத்தை 2025இல் நிறுவனம் அறிவித்தது. மின்னணு பாகங்களுக்காக மத்திய அரசு அதே ஆண்டு கொண்டுவந்த 22,919 கோடித் திட்டம் இதற்குத் தெம்பு. போர்டு செய்வதில் லாப விகிதம் அதிகம். விழுங்கும் மூலதனமும் அதிகம். சீன விலையோடு மல்லுக்கட்டவும் வேண்டும். எட்டு பைசா பத்து பைசா ஆகலாம், ஆனால் 1,600 கோடிக்கு அது போதுமா என்பதில்தான் சந்தை இரண்டாகப் பிரிகிறது.

உள்ளூர்க்காரர்களுக்கு இதில் வேறு கணக்கு. போன் பூட்டும் வேலையைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். ஆர்டர் வேறு மாநிலத்துக்குப் போனால் அந்த வரிசையும் மூட்டை கட்டிவிடும். போர்டு ஆலைக்கு ரசாயனத் தொட்டிகளில் செம்பு பூசவும், அரிக்கவும், கழிவு நீரைச் சுத்தம் செய்யவும் பழகிய கைகள் வேண்டும். ஒருமுறை இறக்கிய தொட்டிகளைப் பெயர்த்துக்கொண்டு போவதும் லேசல்ல. கழிவு நீர் எங்கே போகும் என்ற கேள்வியை மட்டும் எந்த முதலீட்டாளரின் லாபக் கணக்கிலும் காணோம்.