செஞ்சி மலையடிவார இருளர்கள்: அவர்கள் கதையை யார் எழுதினார்கள்?

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ. மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில் தேர்வான 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ராஜாக்களின் கதை உலகத்துக்கே தெரிந்துவிட்டது. இதே செஞ்சி, வல்லம் வட்டாரத்தில் வாழும் இருளர் பழங்குடிகளின் கதை?

அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால், எழுதியவர்கள் இருளர்கள் அல்ல.

1906-ல் தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரை எழுதியவர் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. செஞ்சி மலைப் பகுதி இருளர்களின் நிறம், முடி, பேச்சு, தவழ்ந்து நுழைய வேண்டிய குடிசை எல்லாவற்றையும் அதில் குறித்தார். வயல்காவல் காப்பார்கள், கிணற்றில் நீர் இறைப்பார்கள் என்றவர், விளைச்சல் பொய்த்தால் சின்னச் சின்னத் திருட்டில் இறங்குவார்கள் என்றும் எழுதிவிட்டார்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் வெளியிட்ட தன் 7 தொகுதி நூலில் இதை அப்படியே எடுத்துச் சேர்த்தார். 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று தமிழிலும் வந்திருக்கும் நூல் இது. மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து குறித்தவர் தர்ஸ்டன். அளந்தவரின் பெயர் அட்டையில் இருக்கிறது. அளக்கப்பட்டவர் என்ன நினைத்தார் என்பதற்கு அதில் இடமில்லை.

நூறு வருஷத்துப் பழைய புத்தகம்தானே என்று விட்டுவிட முடியாது. இன்று செல்போனில் தேடினாலே அந்தப் பக்கங்கள் வந்து நிற்கும். ஒரு சமூகத்தையே சந்தேகிக்கும் பார்வை இப்படித்தான் தலைமுறை தாண்டுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முடியின் சுருள் வரை அரசாங்கம் எழுதி வைத்த அதே மக்கள், பிள்ளையைப் படிக்கவைக்க பழங்குடிச் சான்றிதழ் கேட்டால் 'நீங்கள் இருளர் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்ற கேள்வியைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்தச் சான்றிதழுக்காகப் பல வருஷங்களாகப் போராடிவருகிறது.

தங்கள் பண்பாட்டையும் மரபறிவையும் காக்கவும், அவை தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கவும் பழங்குடிகளுக்கு உரிமை உண்டு என்கிறது, ஐ.நா-வின் 2007-ம் ஆண்டுப் பிரகடனம். இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இலங்கையின் வேடர்களுடைய மூதாதையர் மண்டையோடுகள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்தன. அவற்றை 2019-ல் வேடர்களின் தலைவரிடமே ஒப்படைத்தார்கள். ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகங்களில், இறந்துபோன பழங்குடியினரின் படங்களைக் காட்டும் முன் அந்தச் சமூகத்தினருக்கு எச்சரிக்கைக் குறிப்பு வைக்கும் வழக்கம் இருக்கிறது.

செஞ்சி இருளர்களுக்கு என்ன செய்யலாம்? பழைய ஏடுகளைக் கொளுத்த வேண்டியதில்லை. அவை இருக்கட்டும், பக்கத்திலேயே இருளர்களின் பதிலும் இருக்கட்டும். அவர்களுடைய பாட்டு, மூலிகை அறிவு, ஊர் நினைவுகள் எல்லாம் அவர்கள் குரலிலேயே பதிவாகட்டும். எதை வெளியே சொல்வது, எதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வது என்பதையும் அவர்களே முடிவுசெய்யட்டும்.

சொல்வதற்கு அவர்களிடம் நிறையவே இருக்கிறது. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷம், பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. பாம்புபிடிப்பதில் வல்லவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 'திருட்டு' என்று எழுதிய ஏட்டின் ஓரத்தில் சேர்க்க வேண்டிய முதல் குறிப்பாக இதுவே இருக்கலாம். அதை எழுதும் பேனா இருளர் கையில் இருக்க வேண்டும்.