கதலிக் குலையும் கையெழுத்தும்

நத்தார் காலத்தில் கிராம உத்தியோகத்தரின் வாசலுக்குக் கதலிக் குலை போகும். அன்பளிப்புத்தானே என்கிறோம். அவர் மாற்றலாகிச் சென்றபின் அக்குலை புதியவரின் வாசலுக்கல்லவா போகிறது? அப்படியாயின் நாம் கொடுத்தது மனிதருக்கன்று, கையெழுத்துக்கு. அஸ்வெசும விண்ணப்பத்தோடு அதே வாசலில் வெறுங்கையுடன் நிற்கும் கைம்பெண் இதனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமும், அதன் இடத்திற்கு வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டமும் இலஞ்சம் வாங்குபவரோடு கொடுப்பவரையும் குற்றவாளியாகவே கொள்கின்றன. கொடுப்போர் இதை நினைப்பதில்லை.

சாமுவேலின் புதல்வர் யோவேலும் அபியாவும் பெயேர்செபாவில் நீதித்தலைவர்களாயிருந்து கையூட்டு வாங்கினர் (1 சாமு 8:2-3). தந்தையோ முதிர்ந்த வயதில் மக்கள்முன் நின்று, தாம் எவருடைய மாட்டையோ கழுதையையோ எடுத்ததுண்டா, கையூட்டுப் பெற்றதுண்டா எனக் கேட்டார். பெற்றிருந்தால் திருப்பித் தருவதாகவும் சொன்னார். இல்லை என்றே மக்கள் சாட்சி கூறினர்.