ஜீப் என்ஜின்: சரி செய்வதா, மாற்றுவதா?

கஞ்சிக்கோடு, பாலக்காட்டுக்குக் கிழக்கே உள்ள ஊர். வாளையாறைத் தாண்டினால் தமிழ்நாடு. அப்புறம் கோயம்புத்தூர். கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும்.

இந்தப் பக்கத்து மலைகளில் பழைய ஜீப்புக்கு இன்றும் வேலை இருக்கிறது. நெல்லியாம்பதியில் தோட்டத்துப் பாதைகள் கல்லும் குழியுமாக இருக்கும். அங்கே கார் போகாது. ஜீப் போகும். இடுக்கியில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கும் ஜீப்தான். தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பலரும் ஜீப்பில்தான் மலை ஏறுகிறார்கள்.

ஜீப்புக்கு மட்டும் ஏன் இந்தச் சக்தி? பல வண்டிகளில் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே என்ஜின் பலம் போகும். ஜீப்பில் ஒரு லீவரைப் போட்டால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்காகச் செய்த வண்டி இது. 1940களின் கடைசியில் மகேந்திரா கம்பெனி பம்பாயில் இதைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னால் வந்த எம்.எம். 540 ஜீப்பில், பிரான்ஸ் நாட்டுப் பெஜோ வகை டீசல் என்ஜின் இருந்தது.

இந்த ஜீப்புகளுக்கு வயதாகிவிட்டது. ஒரு நாள் என்ஜின் இழுக்காமல் போகும். அப்போது உரிமையாளருக்கு ஒரு கேள்வி வரும். இருக்கும் என்ஜினை இறக்கி வேலை செய்வதா? வேறு என்ஜின் வாங்கி வைப்பதா? தவறாக முடிவு செய்தால் கையில் இருக்கும் பணம் போகும். வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும்.

முதலில் வண்டியைப் பாருங்கள்

என்ஜினுக்குச் செலவு செய்யும் முன் சேஸைப் பார்க்க வேண்டும். சேஸ் என்பது வண்டியின் அடிச்சட்டம். அது துருப்பிடித்து விரிந்திருந்தால் நல்ல என்ஜின் வைத்தும் பயன் இல்லை.

அடுத்து ஆர்.சி. புத்தகம். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வாடகை வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும். காகிதம் சரியில்லாத வண்டியில் பணம் போடக் கூடாது.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். டீசல் பம்ப்பிலோ நாசிலிலோ கோளாறு இருக்கலாம். இதற்கு என்ஜினை இறக்க வேண்டியதில்லை.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், போர் தேய்ந்திருக்கலாம். வால்வு கைடும் தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் கவனம். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஹெட் விரிசல் விட்டிருக்கலாம்.

ஆயில் பிரஷர் குறைந்து, அடியில் "டொக் டொக்" என்று சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். வண்டியை உடனே நிறுத்துவது நல்லது. மேலும் ஓட்டினால் செலவு கூடும்.

கம்ப்ரஷன் பார்க்கும் மீட்டர் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஆகும் செலவு சிறியது. பெரிய செலவைத் தவிர்க்க அது உதவும்.

சரி செய்யலாமா?

என்ஜினின் உடல் பகுதிக்கு பிளாக் என்று பெயர். பிளாக்கும் க்ராங்க் ஷாஃப்டும் நன்றாக இருந்தால் சரி செய்யலாம். போர் தேய்ந்திருந்தால் லேத்தில் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். அல்லது லைனர் மாற்றுவார்கள். க்ராங்கைக் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். கஞ்சிக்கோட்டுக்காரர்களுக்கு இந்த வேலைக்குக் கோயம்புத்தூர் லேத் பட்டறைகள் பக்கம்.

கிரைண்டிங் செய்ய ஓர் எல்லை உண்டு. முன்பே பல தடவை செய்த க்ராங்க் என்றால் மாற்றத்தான் வேண்டும். பிளாக்கில் பெரிய விரிசல் இருந்தால் வேறு என்ஜின் தேடுவது மேல்.

மாற்றினால் சட்டம் என்ன?

ஒவ்வொரு என்ஜினுக்கும் ஓர் எண் உண்டு. அது ஆர்.சி.யில் இருக்கிறது. என்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். எண் மாறியிருந்தால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் பணத்துக்குச் சிக்கல் வரும்.

கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அது கேரளாவிலிருந்து போன வழக்கு. எனவே வேறு வண்டியின் என்ஜினைத் தூக்கி வைத்தால் பதிவு கிடைப்பது கஷ்டம். அதே வகை என்ஜினையே தேட வேண்டும். பழைய என்ஜினுக்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது இல்லை என்றால் அது திருட்டு என்ஜினாகவும் இருக்கலாம்.

ஒரு கணக்கு

இந்தத் தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். ஜீப் ஓடினால் ஒரு நாள் மிச்சம் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சரி செய்தால்: வேலைச் செலவு 60,000. 20 நாள் வருமானம் இல்லை, அது 16,000. மொத்தம் 76,000 ரூபாய்.

மாற்றினால்: பழைய என்ஜின் 45,000. பூட்டும் கூலி, ஆர்.டி.ஓ. செலவு 10,000. 5 நாள் வருமானம் 4,000. மொத்தம் 59,000 ரூபாய்.

மாற்றினால் 17,000 ரூபாய் மிச்சம். ஆனால் வாங்கும் என்ஜினின் உள்ளே எப்படி இருக்கிறது என்று வெளியே தெரியாது. இரண்டே வருடத்தில் அதுவும் புகைந்தால் மறுபடி 76,000 ரூபாய் செலவு வரும். சரி செய்த என்ஜினில் என்ன மாற்றினார்கள் என்பது உரிமையாளருக்குத் தெரியும். அதனால் பிளாக் நன்றாக இருந்தால் சரி செய்வதே பெரும்பாலும் நல்லது.

"அண்ணா, மாத்துன பழைய சாமானை எல்லாம் எங்கிட்டக் குடுத்துருங்க" என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லி வைக்கலாம். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

வேலை முடிந்த என்ஜினுக்குக் கொஞ்ச நாள் பாரம் ஏற்றக் கூடாது. முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். தினமும் காலையில் தண்ணீரும் ஆயிலும் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு முறை மலை ஏறினால் போதும், செய்த வேலை எல்லாம் வீண்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. நீலப் புகை வந்தால் என்ன பொருள்?
2. என்ஜின் எண் எந்தப் புத்தகத்தில் இருக்கும்?
3. ஒரு நாள் மிச்சம் 1,000 ரூபாய் என்றால், மேலே உள்ள இரண்டு மொத்தமும் எவ்வளவு ஆகும்?