மரத்துக்குள் சாயம் போகும் வழி

சீவுளி போட்டு முடித்த வேப்பம் பலகை முதற் பார்வைக்கு ஒரு மங்கல் சிவப்பு, அவ்வளவுதான். சண்டிலிப்பாய், மானிப்பாய், சங்கானை என்று காரைநகர் வீதியோரம் உள்ள எந்தத் தச்சுப் பட்டறையிலும் கபில நிறச் சாயத்தில் தோய்த்த துணியால் அதை ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம். அதுவரை கண்ணில் படாத கோடுகள் எழும்பி நிற்கும். துணி எல்லா இடத்துக்கும் ஒரே அளவு சாயத்தைத்தான் கொடுத்தது. பலகைதான் ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் வாங்கிக்கொண்டது.

வேம்பு உயிரோடு நின்ற காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய குழாய்கள் பலகைக்குள் அப்படியே இருக்கின்றன. அவற்றின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. நெடுக்காக அரியும்போது வாள் அவற்றைத் திறந்துவிடுகிறது. பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சின்னச் சின்னப் பள்ளங்களாகத் தெரிபவை அவைதான்.

கடையில் விற்கும் சாயங்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்றில் இருப்பது நிறத்தூள். காவிமண்ணில் உள்ள அதே இரும்பு ஒட்சைட்டு, மைக்ரோன் அளவுக்கு அரைத்தது. இந்தத் துகள் குழாய்க்குள் விழுந்து தங்கிவிடும். ஆனால் கலச் சுவருக்குள் நுழைய முடியாது, சுவரின் இடைவெளிகள் நனோமீற்றர் கணக்கில்தான் இருக்கின்றன. அதனால் பள்ளம் கறுக்கிறது, மேடு வெளிறியே இருக்கிறது. மற்றது தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ கரையும் சாயம். அதன் மூலக்கூறு ஒரு நனோமீற்றர் அளவில் இருப்பதால் சுவருக்குள்ளேயே இறங்கிவிடும். மரம் முழுவதும் நிறம் ஏறும், ஆனாலும் உள்ளே கண் போய் வருவதற்கு வழி அடைபடாது. நிறத்தூள் வெயிலில் நெடுங்காலம் நிற்கும். கரையும் சாயம் ஆழமான அழகைத் தரும், வெயில் பட்டால் வெளிறும். முற்றத்துக் கதவுக்கும் உள்ளறை மேசைக்கும் ஒரே டப்பாவைத் திறப்பது ஏன் சரிவராது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

சாண்ட் பேப்பரை ரேகைக்குக் குறுக்கே தேய்த்தவர்கள் பிழையை உடனே காண்பதில்லை. சாயம் பூசிய பிறகுதான் ஒவ்வொரு கீறலும் நிறத்தூளைப் பிடித்துக்கொண்டு குறுக்குக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். பலகையின் தலைப்பு, அதாவது குறுக்கே வெட்டுண்ட முனை, எப்போதும் அதிகம் கறுத்துப்போவதற்குக் காரணம் வேறு: அங்கே குழாய்களின் வாய்கள் நேராகத் திறந்திருக்கின்றன, நுண்துளை ஈர்ப்பு சாயத்தை உள்ளே இழுத்துவிடுகிறது. முனையை மற்ற இடங்களைவிட நுண்ணிய தாளால் தேய்த்தால் இந்தத் தாகம் கொஞ்சம் அடங்கும்.

சாயமே இல்லாமல் வெறும் எண்ணெய் பூசினாலும் மரம் நிறம் கூடுகிறதே, அது எப்படி? காய்ந்த மரத்தின் கலங்களுக்குள் இருப்பது காற்று. காற்றின் ஒளி முறிவுச் சுட்டி 1. கலச் சுவரினுடையது 1.5-ஐ ஒட்டியது. இவ்வளவு வித்தியாசமான இரண்டு பொருட்களுக்கிடையில் திரும்பத் திரும்ப மோதும் ஒளி சிதறி, மேற்பரப்பில் வெண்புகார் படிந்த தோற்றத்தைத் தருகிறது. எண்ணெயோ அரக்குப் பொலிஷோ அந்தக் காற்றின் இடத்தைப் பிடிக்கும்போது சுட்டிகள் நெருங்கிவிடுகின்றன. சிதறல் குறைந்து, ஒளி ஆழம் வரை போய் மரத்தின் சொந்த நிறத்தோடு திரும்பி வருகிறது. மழை விழுந்த செம்மண் நிறம் கூடுவதும் இப்படித்தான்.

பூச்சு என்று சொல்ல முடியாத இன்னொரு முறை இருக்கிறது. அதில் நிறம் மரத்துக்குள்ளேயே பிறக்கும். வினாகிரியில் இரும்புத் தும்பைச் சில நாள் ஊறவிட்டால் இரும்பு அசற்றேற்று என்ற உப்பு அதில் கரைந்திருக்கும். வடித்த நீருக்குப் பெரிதாக நிறமில்லை. தனின் நிறைந்த கருவேலம் பலகையில் அதைத் தடவினால், முதலில் ஈரம் மட்டும்தான் தெரியும். பிறகு காற்றின் ஒட்சிசன் வேலையைத் தொடங்கும்: இரும்பு ஒட்சியேறித் தனினோடு இறுகப் பிணைய, சாம்பல், நீலச் சாம்பல், கறுப்பு என்று சில நிமிடத்துக்குள் நிறம் மாறிக்கொண்டே போகும். தனின் அதிகமுள்ள இழை முன்னால் ஓடும், குறைந்தது பின்னால் வரும்; ரேகை தானாகவே வேறுபட்டுத் தெரியும்.

கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் இதே வேதியியல்தான். அங்கே துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு தண்ணீரில் புளிக்க வைக்கிறார்கள். பனங்கட்டியும் அதற்கு உதவும். கடுக்காய் நீரில் ஊறிய துணி தனினைக் கொடுக்கிறது. தனின் குறைந்த மரத்துக்கு நம்மிடம் கைவசம் வேறு வழி இருக்கிறது. கடும் தேத்தண்ணியை முதலில் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இரும்பு நீரைத் தடவலாம்.

முதிரைக்கு இந்த வித்தை எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. வன்னிக் காட்டின் இந்த மரத்தில் இழைகள் ஒரு காலத்தில் வலமாகச் சாய்ந்தும் பிறகு இடமாகச் சாய்ந்தும் மாறி மாறி வளர்கின்றன. சீவுளி போடும் ஆசாரிக்கு அது தொல்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒரு பட்டையில் நார் பிய்ந்து எழும். ஆனால் மெருகேறிய பிறகு பார்க்க வேண்டும். பட்டைக்குப் பட்டை இழையின் சாய்வு வேறு என்பதால் ஒளி திரும்பும் திசையும் வேறு. நாம் நகர்ந்தால் பளிச்சென்றிருந்த பட்டை இருளும், இருண்டது பளிச்சிடும். அதன்மேல் நிறத்தூள் சாயத்தைப் பூசினால் துகள்கள் ஒளியை இடையிலேயே மறித்துவிடும். தெளிந்த பொலிஷ் மட்டும் போதும்.

பனை இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. வேம்பும் முதிரையும் ஆண்டுதோறும் பட்டைக்குள்ளே புது மரத்தைச் சுற்றிப் பருப்பவை. பனைக்கு அப்படிப் பருக்க வைக்கும் மாறிழையமே இல்லை; வளையமும் இல்லை. மென்மையான வெளிறிய திசுவுக்குள் கறுத்த கடின நார்க்கற்றைகள் நெடுக ஓடுகின்றன, தண்டின் வெளிப்புறத்தில் நெருக்கமாக, உள்ளே போகப் போக ஐதாக. நம் பழைய வீடுகளின் வளையும் சிலாகையும் அந்த வெளிப்புற வைரத்திலிருந்து எடுத்தவை. நெடுக்காகச் சீவினால் கறுப்புக் கோடுகள், குறுக்கே வெட்டினால் கறுப்புப் புள்ளிகள்.

இதன்மேல் கபிலச் சாயம் பூசுவது மனதை வருத்தும் காரியம். கறுத்த நாருக்கு அது தேவையில்லை, நார் அதை அதிகம் ஏற்பதுமில்லை. வெளிறிய திசுவோ மடமடவென்று குடித்துக் கறுத்துவிடும். மற்ற மரத்தில் வேறுபாட்டை எழுப்பிய அதே சாயம் பனையில் அதை அழித்துவிடுகிறது. கூரை பிரிக்கும் வீடுகளிலிருந்து வரும் வளைகளை விறகுக்குக் கொடுக்காமல், புகையேறிய மேற்பரப்பைச் சீவிப் பாருங்கள். மேசைப் பலகைக்கு அதைவிட நல்ல ரேகை மரக்காலையில் கிடைப்பது அரிது. எனாமல் வேண்டாம், சாயமும் வேண்டாம். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு தரம் பூசி, இடையில் நன்றாகக் காயவிடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஒட்சிசனை உறிஞ்சித்தான் இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிவருகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தங்கித் தானே தீப்பிடித்துவிடும். வெளியில், ஒற்றை மடிப்பாக விரித்துக் காயப்போட வேண்டும்.